பண்ணைப் பாலத்தில் நின்ற மொறிஸ் மைனர்

நேற்றோடு இருபத்தொரு நாள். கார் ஒருமுறையும் வழியில் நிற்கவில்லை. வாங்கின முதல் இரண்டரை மாதத்தில் அது என்னை ஏழு தடவை றோட்டோரம் நிற்க வைத்தது. பிழை எங்கே என்று பிடிபடுவதற்குள் மாற்றத் தேவையில்லாத சாமான் பலதை மாற்றி முடித்துவிட்டேன். பழைய இங்கிலாந்துக் காருக்குள் யப்பான் எஞ்சின் இறக்கிய வண்டிகள் யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் எதற்காவது இதே வருத்தம் வந்தால் உதவட்டும் என்று, நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

கார் 1958 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. நாலு கதவு, 1 ஸ்ரீ இலக்கத் தகடு, கதவுத் தூணிலிருந்து கை நீட்டித் திசை காட்டும் ட்றபிக்கேற்றர் இரண்டு. மாசி மாதக் கடைசியில் கொக்குவிலில் ஓய்வுபெற்ற ஐயா ஒருவரிடம் 9 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாவுக்கு வாங்கினேன். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய கார்களுக்கும் விலை ஏறியிருந்தது. அந்தக் காசுக்குக் கொஞ்சம் புதிய வண்டியும் எடுத்திருக்கலாம். எனக்கு இதுதான் வேண்டும். பள்ளிக்கூடம் போற காலத்தில் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு மைனர் நிற்கும். அதன் உருண்ட பொனற்றில் கை வைக்காமல் நான் கடந்துபோன நாள் இல்லை.

இதற்கு வந்த எஞ்சின் 948 சி.சி. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் கிடைக்காமல் போக, ஊரில் ஓடின மற்றக் கார்களைப் போல இதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது. பெற்றோலைக் காற்றோடு கலக்கிற கார்பரேற்றருக்குள் நாலைந்து துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் இழுக்க விடுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலோடு கலந்து பெயாரிங்கைத் தின்னும். அப்படித் தின்று முடிந்த எஞ்சினை, யுத்தத்தில் மூடிக் கிடந்த ஏ9 பாதை (கண்டி வீதி) 2002 இல் திறந்த பிறகு ஐயா கழற்றி எறிந்துவிட்டு, கொழும்பிலிருந்து டட்சன் சனி ஒன்றின் ஏ12 எஞ்சினைக் கியர் பெட்டியோடு எடுப்பித்துப் பூட்டினார். 1171 சி.சி. பழையது 37 குதிரைவலு, இது அறுபதுக்கு மேல். ஒரு தொன்னுக்கும் குறைவான காருக்கு அது பெரிய பலம். மூன்றாம் கியரில் மிதித்தால் 58 ஆம் ஆண்டுக் கார் என்று ஆரும் நம்பமாட்டார்கள்.

முதல் வருத்தம் வீட்டுக்குக் கொண்டுவந்த அடுத்த நாள் காலையிலேயே தெரிந்தது. சாவியைத் திருப்பினால் ஸ்ரார்ட்டர் முனகி முனகிச் சுற்றியது. பற்றறி புதிது. இரண்டாம் தரம் திருப்பினபோது டாஷ்போட்டுக்குக் கீழிருந்து பிளாஸ்ரிக் எரியும் மணம் வந்தது. சோக் (எஞ்சின் குளிரில் பிடிக்க உதவுகிறது) இழுக்கிற குமிழைத் தொட்டேன், சுட்டது. பொனற்றைத் திறந்தால் சோக் கேபிளின் உறை ஒரு சாண் நீளத்துக்கு உருகி, உள்ளே இருந்த கம்பிச் சுருள் வெளியே தெரிந்தது.

எஞ்சின் இறப்பர் மவுண்டில் இருக்கிறது. பற்றறியின் நெகற்றிவ் போடியோடு பூட்டியிருக்கிறது. எஞ்சினையும் போடியையும் இணைக்கிற எர்த் பட்டி இல்லவே இல்லை. ஸ்ரார்ட்டர் இழுக்கிற அத்தனை கரண்டும் திரும்பிப் போக வழியில்லாமல் அந்த மெல்லிய சோக் கேபிளாலே போயிருக்கிறது. தடித்த செப்புப் பின்னல் பட்டி ஒன்று வாங்கி, கியர் பெட்டி போல்ற் ஒன்றிலிருந்து சட்டத்துக்குப் பூட்டினேன். இரண்டு பக்கமும் பெயின்ற்றைச் சுரண்டி உலோகம் மினுங்கின பிறகுதான் நட்டை இறுக்கினேன். 900 ரூபா, அரை மணித்தியாலம். அன்றைக்கிருந்து கால் சுற்றிலேயே எஞ்சின் பிடிக்கிறது. எஞ்சின் மாற்றின கார் வாங்குபவர்கள் வேறு எதையும் பார்க்க முன்னம் இந்தப் பட்டி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

அது ஒரே நாளில் முடிந்ததால், மிச்சமும் இப்படித்தான் முடியும் என்று நினைத்துவிட்டேன்.

பங்குனி இரண்டாவது சனிக்கிழமை வேலணைக்குப் புறப்பட்டோம். மனைவியும் மகளும் கூட. பண்ணைப் பாலத்தில் பாதி தூரம் போயிருப்போம். எஞ்சின் ஒருமுறை இருமினது, பிறகு இரண்டு முறை, பிறகு அடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் கடல். ஒரு மர நிழல் இல்லை. நேரம் பன்னிரண்டு மணி. ஸ்ரார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் எடுபடவில்லை. மகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு இருபத்தைந்து நிமிஷம் நின்றோம். பிறகு சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரிப் பிடித்தது.

நின்ற கார் ஆறினால் ஓடும், சூடானால் நிற்கும். அதற்கு எல்லோரும் சொல்கிற காரணம் ஒன்றுதான்: சூட்டில் பெற்றோல் குழாய்க்குள் ஆவியாகிப் போகிறது, ஏர் லொக். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அடுத்த தரம் நின்றபோது நனைத்த துணியைப் பெற்றோல் பம்பில் சுற்றினேன். கால் மணித்தியாலத்தில் எடுபட்டது. துணிதான் வேலை செய்தது என்று முடிவு கட்டினேன். துணி சுற்றாவிட்டாலும் அந்தக் கால் மணித்தியாலத்தில் எடுபட்டிருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

அந்த முடிவுக்குப் பலம் சேர்க்கிற மாதிரி ஒரு சாட்சியும் கிடைத்தது. தாங்கியிலிருந்து வருகிற செப்புக் குழாய் முன்னுக்கு வந்து, எக்ஸோஸ்ற் குழாயை ஒட்டினபடி ஒரு முழ நீளம் ஓடிப் பிறகு பம்புக்கு ஏறுகிறது. இடையில் இரண்டு விரல் வைக்க இடமில்லை. ஆர் இப்படிப் பூட்டினது என்று எனக்குக் கோபம் வந்தது. கோண்டாவிலில் பழைய கார் திருத்துகிற மெக்கானிக் அண்ணை வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, உது பிழையாப் பூட்டினதில்லை. மண்ணெண்ணெய் ஓடின காலத்தில வேணுமெண்டே அப்பிடிப் பூட்டினது. எண்ணெய் சூடாப் போனாத்தானே எரியும். எஞ்சினை மாத்தினவை, குழாயை அப்பிடியே விட்டிட்டினம்."

எண்ணெயைச் சூடாக்க என்று வேலைப்பாடாக வளைத்த குழாய், பெற்றோல் வந்து இருபது வருஷத்துக்குப் பிறகும் அதே இடத்தில் இருந்தது. அதைக் கழற்றும்போது எனக்குக் கை கூசியது. வளைவுகள் அவ்வளவு நேர்த்தி. துண்டை எறியவில்லை, கராஜ் சுவரில் தொங்குகிறது. புதுக் குழாயை மற்றப் பக்கச் சட்டத்தோடு கிளிப் போட்டுக் கொண்டுவந்தேன். குழாய், இறப்பர் ஹோஸ், பில்ற்றர் எல்லாம் 4,200 ரூபா.

குழாய் மாற்றும்போது தாங்கியையும் இறக்கினோம். வடித்த பெற்றோலின் அடியில் தேன் பதத்தில் கறுத்த கசடு. உள்ளே துரு. வாயை அடைத்து, பழைய சைக்கிள் செயினும் சவர்க்காரத் தூளும் சுடுதண்ணியும் போட்டு இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாறி மாறி உலுக்கினோம். மூன்று தரம் கழுவின பிறகுதான் தண்ணி தெளிவாக வந்தது. இரண்டு நாள் வெயிலில் காய வைத்தோம். அடித் தையலில் ஊசி முனை அளவு கசிவு இருந்தது. பெற்றோல் நின்ற தாங்கியில் நெருப்பு வைப்பதற்கு நான் உடன்படவில்லை. எப்பொக்சி பூசினோம், இன்றுவரை தாங்குகிறது. கூலியோடு 6,500 ரூபா.

அதே கிழமை நான் இன்னொரு வேலையும் செய்தேன். அதுதான் என்னைப் பிறகு ஒரு மாதம் அலைய வைத்தது. "எல்லாத்தையும் ஒரேயடியாக முடித்துவிடுவோம்" என்று கொயில் (பிளக்குக்குப் பொறி கொடுக்கிற மின்சுருள்), பொயின்ற் (கொயிலின் கரண்டை விட்டு விட்டு வெட்டுகிற முனைகள்), அதோடு வேலை செய்கிற கொண்டென்சர், கார்பரேற்றர் கிற் எல்லாம் புதிதாக வாங்கிப் பூட்டினேன். கொயில் 5,800, பொயின்ற்றும் கொண்டென்சரும் 2,900, கிற் 4,500. கடைக்காரர் எந்தக் காருக்கு என்று கேட்டார். எஞ்சினின் பெயரைச் சொன்னேன். டட்சன் சனிக்கு உரிய கொயிலைச் சரியாகத்தான் எடுத்துத் தந்தார்.

பதினெட்டு நாள் கார் பொன் மாதிரி ஓடியது. சுன்னாகம், மருதனார்மடம், நாவற்குழி என்று எல்லாத் திசையிலும் ஓட்டினேன். குழாய்தான் காரணம் என்று நாலு பேருக்குச் சொல்லியும் விட்டேன். ஐந்து சாமானை ஒரே கிழமையில் மாற்றினவனுக்கு எது காரணம் என்று தெரிய வழியே இல்லை.

பத்தொன்பதாம் நாள், சித்திரை வெயில், சாவகச்சேரி தாண்டி ஏ9 இல் கார் நின்றது. அதே இருமல், அதே அடக்கம்.

இந்தத் தரம் துணி நனைக்கவில்லை. முதலில் கார்பரேற்றரின் முன் கண்ணாடியைப் பார்த்தேன். ஹிற்றாச்சி கார்பரேற்றரில் மிதவைக் கிண்ணத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. பெற்றோல் மட்டம் நடுக் குறியில் அசையாமல் நின்றது. அந்தக் கண்ணாடி முதல் நாளில் இருந்து என் கண் முன்னாலேதான் இருந்தது. பண்ணையில் நின்ற அன்றே எட்டிப் பார்த்திருந்தால், பெற்றோல் குறையில்லை என்று அங்கேயே தெரிந்திருக்கும்.

பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி வயரில் செருகி, எஞ்சினில் முட்ட வைத்து, ஒரு பெடியனைச் சாவி திருப்பச் சொன்னேன். பொறி இல்லை. கொயிலில் கை வைத்தேன். வைத்த கையை உடனே எடுத்தேன். தோசைக்கல் சூடு. சுவிச்சை நிறுத்தி, பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ரிபியூற்றரைப் பொலித்தீன் பையால் மூடி, குடிக்கக் கொண்டுபோன தண்ணியைக் கொயில் மீது மெதுவாக ஊற்றினேன். முதல் தண்ணி சீறிக்கொண்டு ஆவியாகியது. ஒரு போத்தல் முடிந்து ஐந்து நிமிஷத்தில் பிளக்கில் நீலப் பொறி வந்தது. கார் ஓடியது.

புதுக் கொயில் மூன்று கிழமை தாங்கவில்லை. கடைச் சாமான் கூடாது என்று நினைத்து, இன்னொன்று வாங்கக் கால் எடுத்தேன். மெக்கானிக் அண்ணை மறித்தார். பொயின்ற்றைத் திறந்து காட்டினார். மூன்று கிழமைக்கு முன் பூட்டின பொயின்ற்றின் முகம் நீலம் பாய்ந்து, ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு.

"கொயிலைக் குறை சொல்லாதையும். உதுக்குப் போற கரண்டு கூட. மீற்றர் வைச்சு அளந்து பாத்தனீரோ?"

அளக்கவில்லை. என்னிடம் மீற்றரே இருக்கவில்லை. அன்றைக்குத்தான் 2,800 ரூபாவுக்கு ஒரு டிஜிற்றல் மல்ரிமீற்றர் வாங்கினேன். குறைந்த விலை மீற்றரில் ஒன்று கவனிக்க வேண்டும்: இரண்டு முனையையும் ஒன்றோடொன்று முட்டினாலே 0.3 ஓம் காட்டுகிறது. அதைக் கழிக்க வேண்டும். கொயிலின் வயர்களைக் கழற்றி இரண்டு சின்ன முனைகளுக்கும் இடையில் வைத்தேன். 1.8. கழித்தால் 1.5 ஓம்.

டட்சன் சனிக் காரில் இந்தக் கொயிலுக்கு முன்னால், கரண்டைக் குறைக்கிறதுக்கு வெள்ளைப் பீங்கான் துண்டு மாதிரி ஒரு ரெசிஸ்ரர் இருக்கும். ஏறக்குறைய ஒன்றரை ஓம். இரண்டும் சேர்ந்து மூன்று. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருகிற ஓல்ற்றநேற்றர் 13.8 வோல்ற் கொடுக்கும்போது பொயின்ற் மூடியிருந்தால் நாலரை அம்பியர்தான் போகும். மைனரில் எஞ்சின் இறக்கியவர்கள், சாவிச் சுவிச்சிலிருந்து வருகிற பழைய வெள்ளை வயரைக் கொயிலுக்கு நேரே கொடுத்துவிட்டார்கள். மொறிஸ்காரன் கொயிலுக்கு அது சரி, அது தானாகவே மூன்று ஓம் உள்ளது. இந்தக் கொயிலுக்கு அது ஒன்பது அம்பியர். கொயில் கொதிக்காமல் என்ன செய்யும், பொயின்ற் எரியாமல் என்ன செய்யும்.

உறுதிப்படுத்த இன்னொரு அளவும் எடுத்தோம். பொயின்ற் மூடியிருக்கிற இடத்தில் எஞ்சினை நிறுத்தி, சுவிச்சைப் போட்டு, கொயிலின் பொசிற்றிவ் முனையில் மீற்றரை வைத்தோம். ரெசிஸ்ரர் இருந்தால் ஆறு ஏழு வோல்ற் காட்ட வேண்டும். 11.9 காட்டியது. (இதைச் செய்தால் அரை நிமிஷத்தில் சுவிச்சை நிறுத்துங்கள். நீண்ட நேரம் விட்டால் நல்ல கொயிலும் கெடும்.)

கழற்றின பழைய கொயிலை வீட்டுக்கு வந்து மேசையில் வைத்துப் பார்த்தேன். எஞ்சினுக்குப் பெயின்ற் அடித்தபோது கொயிலுக்கும் சேர்த்துக் கறுப்பு அடித்திருந்தார்கள். அடிப்பக்கத்தில் எழுத்து மாதிரி ஏதோ தடவுப்பட, நகத்தால் சுரண்டினேன். பெயின்ற் சருகு மாதிரிக் கழன்றது. வெளி ரெசிஸ்ரருடன் பாவிக்கவும் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. புதுக் கொயிலின் பெட்டியை எடுத்துப் பார்த்தேன், அதிலும் அதே வசனம். நான் பெட்டியை வாசிக்கவில்லை.

இரண்டு வழி இருந்தது. ரெசிஸ்ரரைத் தேடிப் பூட்டலாம். அப்படியென்றால் ஸ்ரார்ட் பண்ணும் நேரம் மட்டும் அதைத் தாண்டிக் கொயிலுக்கு முழு வோல்ற் கொடுக்கிற தனி வயர் ஒன்றும் இழுத்தால்தான் நன்று. அல்லது ரெசிஸ்ரர் தேவைப்படாத மூன்று ஓம் கொயில் பூட்டலாம். என் வயரிங் ஏற்கெனவே மைனரின் பழைய ஒழுங்கில் இருப்பதால் இரண்டாவதைத் தெரிந்தேன். கடையில் மீற்றரைக் கொண்டுபோய், காசு கொடுக்க முன்னமே அளந்தேன். இரண்டு கொயில் 1.5 காட்டின. மூன்றாவது 3.1. அதை 6,200 ரூபாவுக்கு எடுத்தேன். எஞ்சினில் பூட்டாமல், காற்றுப்படுகிற இடமாக உள் மட்கார்ட்டில் பூட்டினேன். புதுப் பொயின்ற் 1,800. இடைவெளி 0.45 இலிருந்து 0.55 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். இடைவெளி அளக்கிற 0.5 பீலர் தகடு இலேசாக உரசிக்கொண்டு போகிற அளவுக்கு வைத்தேன். அதை வைத்து முடிக்க முக்கால் மணித்தியாலம் பிடித்தது. திருகை இறுக்கும்போது ஒவ்வொரு தரமும் இடைவெளி நகரும். இறுக்கின பிறகு திரும்ப அளக்க வேண்டும்.

இதற்கிடையில் பிறேக் வேலையும் ஓடியது. மைனரில், பெடலை மிதிக்கப் பிறேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே சட்டத்துக்குள் இருக்கிறது. அதன் போல்ற்றை உருவ விடாமல் முன்பக்கச் சஸ்பென்சனின் ரோர்சன் பார் (ஸ்பிறிங் வேலை செய்கிற முறுக்குக் கம்பி) மறிக்கும். அந்த வேலை ஒரு முழு நாள், சாமானோடு 18,500 ரூபா. 948 சி.சி. காருக்கு வந்த பிறேக் ட்றம் ஏழு அங்குலம். பிறகு 1098 சி.சி. எஞ்சின் வந்தபோது கொம்பனியே முன் ட்றம்மை எட்டு அங்குலம் ஆக்கியது. எனக்கு இருப்பதோ 1171. எட்டு அங்குல ட்றம் கிடைக்கும் வரை நான் அறுபதுக்கு மேல் போவதில்லை, ஏ9 நேராக வெறுமையாகக் கிடந்தாலும்.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். பிறேக்கை விட்டு, 35,600 ரூபா. அதில் எர்த் பட்டி, மீற்றர், மூன்று ஓம் கொயில், கடைசிப் பொயின்ற் நாலும் சேர்ந்து 11,700. வருத்தத்தை மாற்றியது அவ்வளவும்தான். தாங்கியும் குழாயும் 10,700, அது எப்படியும் செய்ய வேண்டிய வேலை என்பதால் கவலையில்லை. மிச்சம் 13,200 ரூபா நான் அளக்காததற்குக் கொடுத்த விலை. திரும்ப ஒரு பழைய கார் வாங்கினால், விலை பேசப் போகும்போதே மீற்றரைச் சட்டைப் பையில் கொண்டுபோவேன். கொயிலை அளந்து, எர்த்தைப் பார்த்து, சூடாகும் வரை அரை மணித்தியாலம் ஓட விட்டுத்தான் காசை எண்ணுவேன். ஒரு நேரத்தில் ஒரு சாமானுக்கு மேல் மாற்றமாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, காரை வித்த ஐயாவை ஏற்றிக்கொண்டு பண்ணைக்குப் போனேன். நேரம் பன்னிரண்டரை. முன்பு நின்ற இடத்துக்கு வந்ததும் ஓரங்கட்டி நிறுத்தினேன். எஞ்சினை நிறுத்தவில்லை. பொனற்றைத் திறந்து வைத்து, இருபது நிமிஷம் ஓடவிட்டோம். ஐயா கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கொயிலில் கை வைத்தேன். சூடு இருந்தது, கையை வைத்திருக்கக் கூடிய சூடு. ஐயாவையும் வைக்கச் சொன்னேன். கனநேரம் கையை எடுக்காமல் நின்றார்.

"என்னட்டை இருபது வருஷம் நிண்டது. நான் வெயிலுக்கு எடுக்கிறதே இல்லைத் தம்பி. விடியக் காலமை கோயிலுக்குப் போட்டு வருவன், அவ்வளவுதான்."

பொனற்றை மூடினேன். வலப்பக்க ட்றபிக்கேற்றரைப் போட்டதும் அந்தச் சின்னக் கை தூணிலிருந்து எழும்பிச் செம்மஞ்சளாக எரிந்தது. வேலணைப் பக்கம் வண்டியை எடுத்தோம்.